எறிவதற்கு உரியது எது?

எமது மேசைமீது ஒரு சிறு விமானம் இருக்கின்றது. ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனிவரை ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானியாவின் சரக்குக் கப்பல்களிலிருந்து கவண்பொறியால் எறியப்பட்ட ஹரிக்கேன் போர்விமானத்தின் மாதிரியுரு அது. விமானத்தை மட்டுமன்றி, அது நின்ற தண்டவாளம், கப்பலின் முன்பாகம், சூழ்ந்த கடல் ஆகிய யாவற்றையும் 1:72 என்னும் அளவுத்திட்டத்தில் அமைக்க முற்பட்டோம். இவ்வகைக் காட்சியமைப்பை டயோராமா என்பர். பல மாத ஓய்வுநேரம் இதிற் கழிந்தது.

இதனைக் கண்ட ஆசிரிய நண்பர் ஒருவர், “கொலைக்கருவியை அழகு பார்ப்பதற்கா இவ்வளவு பாடு?” என்று வினவினார். வினா நியாயமானது. யுத்தத்தை விளையாட்டுப் பொருளாக்கி விற்கும் உலகில், அதனை எழுப்பாதவரே குற்றவாளி. நாமும் அதற்கு உடனே விடை கூறவில்லை. வேலை முடியும்வரை அவ்வினாவை எம்முடன் வைத்துக்கொண்டோம்.

முதலில் வரலாற்றைக் கூறுவோம். 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. அதன் மேற்குக் கரை ஜேர்மானியர் வசமாயிற்று. போர்தோ நகருக்கு அருகிலிருந்த தளத்திலிருந்து கொண்டோர் என்னும் நான்கு எஞ்சின் பூண்ட நெடுந்தூர விமானங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தின்மேற் பறந்து, தனித்த கப்பல்களைக் குண்டுவீசி அழித்தன. கப்பல்களின் தொடரணி செல்லுமிடத்தை நீர்மூழ்கிகளுக்கு அறிவித்தன. கரையிலிருந்து எழும் போர்விமானம் அத்துணைத் தூரம் செல்ல வல்லதன்று. விமானந்தாங்கிக் கப்பல்களோ மிகச் சில. உணவும் எண்ணெயும் கடல்வழியே வந்தாலன்றிப் பிரித்தானியா வாழமுடியாது.

இந்நெருக்கடியிற் பிறந்த தற்காலிக வழிதான் நாம் கூறும் கவண்பொறிக் கப்பல். வழக்கமான சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பலொன்றின் முன்பாகத்தில் குறுகிய தண்டவாளம் ஒன்றைப் பொருத்தினர். அதன்மேல் ஒரு வண்டி, வண்டியின்மேல் ஒரு ஹரிக்கேன், பின்னே அதனை உந்தும் றொக்கற்றுகள். விமானங்களிற் பல முன்னரே பறந்து தேய்ந்தவை. வணிகக் கப்பல்கள் 35 இவ்வாறு மாற்றப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய விமானிகளைத் திரட்டும் பிரிவு 1941 மே மாதத்தில் லிவர்பூலுக்கு அருகே ஸ்பீக் என்னும் தளத்தில் நிறுவப்பட்டது. விமானிகள் யாவரும் தாமாக முன்வந்தவர்கள்.

எதிரி விமானம் தென்பட்டதும் விமானி ஆசனத்தில் அமர்வார். எஞ்சின் முழுவேகத்தில் ஓடும். தலையைப் பின்னே அழுந்தச் சாய்த்துக்கொண்டு, ஆயத்தமென்பதற்கு அடையாளமாகக் கையை உயர்த்தித் தாழ்த்துவார். கப்பலின் முன்பாகம் அலையிலிருந்து மேலெழும் தருணத்தைக் கணித்து அதிகாரி விசையை அழுத்துவார். றொக்கற்றுகள் சீறும், விமானம் வானில் இருக்கும். ஆனால் அது திரும்பி வந்து இறங்குவதற்குத் தளம் இல்லை. எட்டும் தூரத்திற் கரை இருந்தால் அதனை நாடலாம். இல்லையேல் விமானி பரசூட்டிற் குதிக்க வேண்டும், அல்லது விமானத்தோடு கடலில் இறங்கி, இறப்பர்த் தோணியில் மிதந்தபடி துணைக்கப்பல் ஒன்று வந்து எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் விமானம் கடலுக்கே உரியது.

இதனைச் சிறுவடிவில் அமைப்பவன் முதலிற் கணக்கைக் கற்கின்றான். ஆறடி மனிதன் ஓரங்குலம் ஆகின்றான். இருபத்து நான்கு அடி உயர்ந்த அலை நான்கு அங்குலம் ஆகின்றது. தகட்டின் ஓரத்தில் உப்புக்காற்று அரித்த தடம், புகைபோக்கியின் பின்னே படிந்த கரி ஆகியவற்றை நுண்ணிய தூரிகையால் தீட்டலாம். பஞ்சைக் கொண்டு புகையையும், இறுகி உறையும் பசையைக் கொண்டு நீரையும் காட்டலாம். கை பழகப் பழக இவையெல்லாம் கைகூடும்.

ஆனால் ஒருநாள் நாம் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மிக அண்மையிலுள்ள கரை முந்நூறு மைலுக்கு அப்பால் என்று கொள்வோம். அதே அளவுத்திட்டத்தின்படி அக்கரை எமது மேசையிலிருந்து நான்கு மைலுக்கும் அப்பால் இருத்தல் வேண்டும். வீட்டைக் கடந்து, தெருவைக் கடந்து, அடுத்த ஊரையும் கடந்து செல்லும் தூரம் அது. அவ்வளவும் வெறும் கடல். அதன் நடுவே ஓரங்குல மனிதன். மேசைமேல் நாம் அமைத்த ஓரடி அகலக் கடல் எத்துணைப் பெரிய பொய் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நீரின் குளிரையோ காத்திருக்கும் ஒருவனுடைய நிமிடத்தையோ எழுபத்திரண்டாற் பிரிக்க முடியாது.

இது பிறநாட்டார் கதை, எமக்கென்ன என்று கூறுவாரும் உளர். 1942 மார்ச்சில், இண்டொமிற்றபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து ஹரிக்கேன் விமானங்கள் இலங்கையில் வந்து இறங்கின. ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின்மேலும், 9ஆந் திகதி திருகோணமலையின்மேலும் ஜப்பானிய விமானங்களை எதிர்த்துப் போரிட்டவற்றுள் அவையும் இருந்தன. தாக்க வந்தவையும் கப்பலிலிருந்து எழுந்தவையே. தாக்கியவரோ காத்தவரோ எம்மக்களைக் கேட்டு வரவில்லை. ஆகவே இக்கருவியைப் பற்றி வினவும் உரிமை எமக்கும் உண்டு.

எமது வினா இது: ஆபத்து வந்தவிடத்து எதனை எறிவது, எதனைக் காப்பது?

சாதாரண காலத்துச் சந்தை இவ்வினாவுக்கு என்றோ விடை எழுதிவிட்டது. இயந்திரம் முதலாளியின் சொத்து. அதற்கு எண்ணெயிட்டுத் துடைத்துப் பாதுகாக்க வேண்டும். தொழிலாளி தேய்ந்தால் வெளியே அனுப்பிவிட்டு வாயிலில் நிற்கும் அடுத்தவனை அழைத்துக்கொள்ளலாம். கவண்பொறிக் கப்பலில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. அங்கே பெறுமதிமிக்க இயந்திரம் ஒரேயொரு பறப்பிற்குப் பின் கடலில் எறியப்பட்டது. மனிதனை மீட்கவே கப்பல் திருப்பப்பட்டது. கருவி மனிதனுக்காகவே என்னும் உண்மையை, இலாபமே கண்ணாயிருந்த ஓர் அமைப்பு தன்னையறியாமல் ஒப்புக்கொண்ட இடம் இது.

இதனைக் கருணை என்று நாம் மயங்கவேண்டியதில்லை. பழைய ஹரிக்கேன் ஒன்றைவிடப் பயின்ற விமானி ஒருவன் கிடைத்தற்கு அரியவன் என்ற கணக்கும் அதில் இருந்தது. எனினும் விளைவு சிறியதன்று. இக்கப்பல்களிலிருந்து போருக்காக நிகழ்ந்த பாய்ச்சல்கள் பத்துக்கும் குறைவு; அவற்றில் உயிரிழந்த விமானி ஒருவர். அவர் ஜோன் கெண்டல். 1942 மே மாதத்தில், வட சோவியத்துத் துறைமுகத்திலிருந்து திரும்பிய தொடரணியொன்றைக் காக்க எம்பயர் மோர்ன் என்னும் கப்பலிலிருந்து எழுந்தார். எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தினார். குதித்தபோது பரசூட் உரிய உயரத்தில் விரியாமையால் மாண்டார். அதே கப்பலிலிருந்து அவ்வாண்டு செப்டெம்பரில் எழுந்த மற்றொரு விமானி ஆர்க்காஞ்சல் அருகே சோவியத்துத் தளமொன்றில் விமானத்தோடு பத்திரமாக இறங்கினார்.

இனி அதே மே மாதத்தின் மற்றொரு நிகழ்ச்சியை நோக்குவோம். சோவியத்து நாட்டுக்குப் பொருள் கொண்டுசென்ற தொடரணியில் எம்பயர் லோரன்ஸ் என்னும் கப்பல் இருந்தது. 25ஆந் திகதி அதன் விமானி எறியப்பட்டார், போரிட்டார், காயமுற்றுக் கடலில் வீழ்ந்தார், சிறிது நேரத்தில் மீட்கப்பட்டு உயிர் தப்பினார். அவரை எறிந்த கப்பலோ இரண்டு நாளின்பின் குண்டுவீச்சில் மூழ்கியது. அதிலிருந்தோர் பலர் மாண்டனர். எறியப்பட்டவன் பிழைத்தான், எறிந்த கப்பலில் எஞ்சியிருந்தோர் இறந்தனர். கவண்பொறிக் கப்பல்கள் 35இல் ஏறத்தாழ மூன்றிலொன்று இவ்வாறு கடலுள் மறைந்தன.

எவரும் மாதிரியுரு செய்யாத இடம் இதுவே. பிரித்தானிய வணிகக் கப்பல்களில் யுத்தத் தொடக்கத்தில் ஏறத்தாழக் கால்வாசிப்பேர் லஸ்கார் எனப்பட்ட ஆசிய மாலுமிகள். சில்ஹெற்றிலிருந்து வந்தோர் எஞ்சின் அறையிற் கரியள்ளினர்; கோவாவிலிருந்து வந்தோர் உணவறைகளில் உழைத்தனர். அதே கப்பலில் அதே ஆபத்தை ஏற்ற வெள்ளையரின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே இவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் யுத்தம் மூண்டதும் இவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தே உயர்வு கேட்டனர். அதற்காகச் சிறை சென்றோரும் உண்டு. வெள்ளை மாலுமியின் நிலையும் பெருமைக்குரியதன்று. 1941 மே வரை, கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் ஊதியமும் நின்றுவிடும் வழக்கம் இருந்தது. உயிர்காப்புப் படகில் அவன் துடுப்பு வலித்த நாட்கள் வேலைநாட்களாகக் கொள்ளப்படவில்லை.

தேய்ந்த விமானத்தை எறிந்து விமானியைக் காத்த அதே அமைப்பு, கப்பலின் அடித்தளத்தில் மனிதனைக் கணக்கிலிருந்தே எறிந்தது. மேலே இருந்தவர் தாமாக முன்வந்தார். அவருடைய வீரத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. பிறருக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பவனுக்கு அப்பணயத்தை ஏற்கவோ மறுக்கவோ உரிமை இருத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு. கீழே இருந்தவனைக் கப்பலுக்கு அனுப்பியது பசி. பசி தள்ளி வந்தவனைத் தானாக வந்தவன் என்று கூறுதல் எவ்வகை நீதி? இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளுமாக, கடலையன்றிக் கல்லறை அறியாத 6,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பம்பாயிலும் சிற்றகாங்கிலும் நினைவேட்டிற் பதியப்பட்டுள்ளன. அவ்வேட்டைத் திறந்து வாசிப்போர் எத்தனை பேர்?

இப்போது நண்பரின் வினாவுக்கு விடை கூறலாம். யுத்தக் கருவியின் மாதிரியுருவைச் செய்வது தன்னளவிற் குற்றமன்று. எந்தக் கணத்தைக் காட்டுவது, எவரை மறைப்பது என்பதிலேதான் செய்பவனின் அறம் சோதிக்கப்படுகின்றது. பெரும்பாலோர் தேர்வது, விமானம் தண்டவாளத்தில் முழுமையாகப் பளபளத்து நிற்கும் கணத்தை. அங்கே செலவு இன்னும் தொடங்கவில்லை. எவரும் எதையும் இழக்கவில்லை. ஆகவே அது காண்பதற்கு இனியது. அவ்வினிமையே யுத்தத்தை விற்போரின் முதற் சரக்கு.

நாமும் முதலில் அவ்வாறே வைத்திருந்தோம். பின்னர் விமானத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டோம். மூக்கு நீரில் அமிழ, வால் மேலே தெரிய அதனை மேசையின் ஓரத்துக் கடலிற் பதித்தோம். அருகே இறப்பர்த் தோணியில் ஓரங்குல மனிதன் அமர்ந்திருக்கின்றான். வெற்றுத் தண்டவாளம் கப்பலின் முன்னே கரிந்து கிடக்கின்றது. கப்பலின் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி அகற்றி, உள்ளே அடுப்பின்முன் நிற்கும் கரியள்ளுவோனையும் காணச் செய்தோம்.

இவ்வேலையின்போது ஒன்று தெரிந்தது. கடையில் வாங்கிய பெட்டியில் விமானியின் உருவம் ஆயத்தமாகவே இருந்தது. கரியள்ளுவோனின் உருவம் இருக்கவில்லை. அதனைக் கம்பியாலும் களிமண்ணாலும் நாமே செய்யவேண்டியிருந்தது. முகம் செம்மையாக அமையவில்லை. கையும் சற்றுக் கோணலாயிற்று. ஆயினும் எம்வீடு வரும் மாணவர், விமானத்தைப் பார்த்து முடித்ததும், வெட்டிய பக்கத்தினூடே குனிந்து நோக்கி, “இந்த ஆள் யார்?” என்று தவறாது கேட்கின்றனர்.

அவ்வினாவிலிருந்தே நாம் பாடத்தைத் தொடங்குகின்றோம்.