கடலின் முன்னால் சற்று உட்கார

பொங்கலூரின் நடுவே போகிற நெடுஞ்சாலை கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு, பல்லடம், காங்கயம், கரூர் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு திருச்சிராப்பள்ளியை அடைகிறது. அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் மார்க்கமாக மேலும் சென்றால், பொங்கலூரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர்ப் பிரயாணத்தில் நாகப்பட்டினத்துக் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பனியன் மூட்டை ஏற்றிய லாரிகளும், பாவு நூல் கொண்டுவரும் டெம்போக்களும், கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் சுமக்கும் வண்டிகளும் இரவு பகலாய் ஓடுகிற அந்தச் சாலையின் ஓரத்தில் ஆயுள் முழுவதும் குடியிருந்துவிட்டு, அதன் மறுகோடியில் ஒரு சமுத்திரம் இருக்கிறது என்பதை ஒரு நாளும் எண்ணிப் பார்க்க அவகாசமில்லாமல் முதுமையடைந்துவிட்ட தாய் தந்தையர் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அவர்கள் கடலையே கண்டதில்லை என்று சொல்ல வரவில்லை. ராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகாத குடும்பம் கொங்கு நாட்டில் அபூர்வம். ஆனால் அந்த யாத்திரைகள் எப்படி நடந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் மனம் வருந்துகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு இரவில் வேன் ஏறி, விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு கரையில் இறங்கி, மூன்று முழுக்குப் போட்டு, ஈரச் சேலையோடு வரிசையில் நின்று தரிசனத்தை முடித்து, திங்கட்கிழமை தறி ஓட்ட வேண்டுமே என்கிற கவலையோடு அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். கடலில் முழுகியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். கடலின் முன்னால் சற்று உட்கார்ந்தவர்கள் மிகச் சிலர்.

ஆகையால் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களை அழைத்துக்கொண்டு கடற்கரையோரமாக நிதானமான பிரயாணம் ஒன்றுக்குத் திட்டம் போட உட்காருகிறபோது, முதலில் எழுவது வழியைப் பற்றிய கேள்வியல்ல. "சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கா கண்ணு இத்தனை செலவு?" என்று என் பெரியப்பா கேட்டாரே, அந்தக் கேள்விதான். அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. வானம் பார்த்த காட்டில் கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்திப் பாடுபட்டு, பிறகு காட்டை விட்டுத் தறிக்கு வந்து, பகல் ஷிப்டும் இரவு ஷிப்டுமாகக் காலத்தைக் கழித்த மனிதருக்கு, சும்மா இருத்தல் என்பது பிறர் கண்ணுக்கு மட்டுமல்ல, தம் மனச்சாட்சிக்கே குற்றமாய்த் தோன்றிப் பழகிவிட்டது. அந்த வழக்கத்தை வாதம் செய்து மாற்ற முடியாது. நாளுக்கு ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு கோயிலுக்கு மேல் எதுவும் வைக்காமல் விட்டுவிட்டால், மீதியுள்ள பொழுது தானாகவே அவர்களுடையதாகிவிடும். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை; சுவாமி கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து எழ வேண்டும் என்பது அவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த சம்பிரதாயம்தானே.

திட்டமிடுதல் என்றால் சேர்த்துக்கொண்டே போவது என்று பலர் எண்ணுகிறார்கள். வயோதிகர்களுக்கான பிரயாணத்தில் திட்டமிடுதல் என்பது பெரும்பாலும் விலக்குதலே என்பது என் அபிப்பிராயம். சிதம்பரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஒரே மூச்சில் காட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை இருக்கலாம். கன்னியாகுமரியும் திருச்செந்தூரும் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். தரங்கம்பாடியில் தொடங்கித் தனுஷ்கோடியில் முடிகிற கரை ஒரு வாரத்துக்குத் தாராளமாகப் போதும். 1930ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு எடுக்கப் புறப்பட்டபோது அவருக்கு வயது 51. இதே கரையிலுள்ள வேதாரணியம் வரை சுமார் 150 மைல். அந்தத் தூரத்தைத் தொண்டர்களோடு கால்நடையாக 15 நாட்களில், அதாவது நாளொன்றுக்குப் பத்து மைல் வீதத்தில், அவர் கடந்தார். நாம் வண்டியில் போகிறவர்கள். ஆனாலும் ஒரு நாளில் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே ஓர் எல்லை வகுத்துக்கொண்ட அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் முதிய முழங்கால்களை வண்டியில் மடக்கி வைப்பது நியாயமன்று. முதல் நாள் மட்டும் தூரம் அதிகமாதலால் தஞ்சாவூரில் இரவு தங்கிவிடுவது உத்தமம்.

இனி, யாரும் வாய் திறந்து பேசாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிரயாணம் என்று சொன்னதுமே எங்கள் வீட்டுப் பெரிய பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, டிரைவர் தம்பியிடம் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டுமே என்கிற கூச்சத்தினால், காலையில் குடித்த காபியோடு மத்தியானம் வரை நாவை உலர்த்திக்கொண்டு வருகிறார்கள். எங்கள் ஊர்க் காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடும். கடற்கரைக் காற்றில் வேர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிற உடம்பு அந்த நீரிழப்பைத் தாங்காது. மயக்கம் வந்த பிறகு பதறுவதைக் காட்டிலும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்பதற்கு முன்பே, சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கிலோ உணவு விடுதியிலோ வண்டியை நிறுத்தி, "எல்லாரும் இறங்கிக் காலை நீட்டிக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நலம். எவரும் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டால், இரண்டாம் நாளிலிருந்து அம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்வார்.

மற்றவை சிறு காரியங்கள். தங்கும் அறை கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்து எழப் பிடிமானம் வேண்டும். வேனின் படி உயரமாதலால் கால் வைத்து ஏற உறுதியான ஒரு மரமுக்காலியும், மணலில் போடுவதற்கு நாற்காலிகளும் வண்டியிலேயே இருக்க வேண்டும். கைத்தடி மணலில் புதையும் என்பதையும் மறக்கலாகாது.

தரங்கம்பாடியை நான் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரின் சம்மதத்தோடு டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையும், பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிப் பிறகு தமிழ் எழுத்துகளை அச்சேற்றிய கதையும் படித்தவர்களுக்கு விருந்து. வயோதிகர்களுக்கோ, கோட்டை வரை மேடுபள்ளம் அதிகமில்லாத தெருவும், இறங்கிய இடத்திலிருந்து சில அடி தூரத்திலேயே கடல் தெரிவதும் பெரிய சௌகரியம். நாங்கள் போயிருந்தபோது, அங்கே அலைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏங் கண்ணு, இத்தனை தண்ணியும் உப்புத்தானா?" என்றார். போர் உப்புத் தண்ணீரில் துணி துவைத்து, நல்ல தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் கேட்கிற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அரை நாள் அங்கேயே கழிந்தது. அன்றைக்கு வேறெங்கும் போகவில்லை. அது திட்டத்தின்படியே நடந்தது.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகியவை அடுத்தடுத்து இருப்பதால், நாளுக்கு ஒரு கோயில் என்ற விதியைச் சற்றுத் தளர்த்தினால், ஒரு நாளில் அடங்கும். வேதாரணியத்துக்கு அப்பால் கோடியக்கரையில், மார்கழி தொடங்கி மாசி வரை பூநாரைகள் வந்து இறங்குகின்றன. மல்லிப்பட்டினத்துக்கு அருகே, நெப்போலியன் தோற்றதன் நினைவாகச் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா கோபுரத்தை ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. அதன் நிழலில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டாலே போதும். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்: கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும், இந்தப் பகுதியில் அது பெரும்பாலும் கடலுக்குச் சற்று உள்ளே தள்ளியே போகிறது. உப்பளமும் பனையும் இறால் பண்ணையுமாகத்தான் வழி நெடுகக் காட்சி. கடலுக்கென்று வண்டியைத் திருப்பினால்தான் கடல்.

பாம்பன் அதற்கு விலக்கு. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் ராமேசுவரம் போனவர்கள், 1914இல் கட்டிய ரயில் பாலத்தின் மேல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். இப்போது அந்தப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2025இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் நிற்கிறது. அதைக் கண்டதும் எங்கள் பெரியப்பா தமக்குக் கலியாணமான புதிதில் அந்த ரயிலில் போன கதையை, நாங்கள் ஒருவரும் அதுவரை கேட்டிராத கதையை, விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினார். பாலம் முடிந்து வெகுதூரம் போன பிறகும் கதை முடியவில்லை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோன பிறகு, அரிச்சல்முனைக்கு மணலிலும் நீரிலும் குலுங்கிச் செல்லும் ஜீப்பில்தான் போக முடிந்தது. 2017இல் தார்ச்சாலை திறந்ததிலிருந்து, நடக்க இயலாதவர்களும் வண்டியில் இருந்தபடியே இரு கடல்களுக்கு நடுவே அந்த முனை வரை போய் வரலாம். அமைதியான பக்கத்தைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த பக்கத்தை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குகிறார்கள். கால் நனைக்க விரும்புகிற முதியவரைப் பெண்கடலின் பக்கமே, அதுவும் இருவர் கை கொடுத்து, அழைத்துப் போக வேண்டும். ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்று அவர்களை வற்புறுத்த வேண்டாம். அந்த ஈரத்தரை முதிய எலும்புகளுக்குப் பெரிய அபாயம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலும் பக்தி குறைந்துவிடாது.

சென்னை மெரினாவில் 2022ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகளுக்கென்று அலை வரை மரப்பாதை ஒன்று போட்டார்கள். அதுபோல ஒன்றும், அதனருகே நிழலும் கழிப்பறையும் வேளாங்கண்ணியிலும் ராமேசுவரத்திலும் அமைந்தால் எத்தனையோ பெரியவர்கள் வேனுக்குள்ளிருந்தே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்காது. அதிகாரத்தில் உள்ளவர்கள் இதைச் சிரத்தையோடு கவனிக்க வேண்டும்.

தீபாவளி விடுமுறையில் போக வேண்டாம். அது அந்தக் கரைக்கு மழையும் புயலுமான காலம். பொங்கலுக்குக் கம்பெனிகள் மூடியிருக்கிற வாரத்தில் எங்கும் கூட்டம். பங்குனியில் வெயில் ஏறிவிடும். மாசி மாதம், அமாவாசையும் மாசி மகமும் இல்லாத ஒரு வாரமே பொருத்தமானது. அப்படி ஒரு வாரத்தைத் தறியிடமிருந்தும் ஆர்டர் தேதியிடமிருந்தும் இந்த வருஷமே விடுவித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் புறப்படுவது, எந்த ஊரில் இன்னொரு நாள் கூடத் தங்குவது என்பதையெல்லாம் உங்கள் தாய் தந்தையரையே கேட்டுத் தீர்மானியுங்கள்.