போடுவதும் காய்ச்சுவதும்

ஊறுகாய் போடுகிறோம். வற்றல் போடுகிறோம். வீட்டில் பழ ஒயின் செய்கிற நண்பர்களும் 'இந்த மாசம் அன்னாசி போட்டிருக்கேன்' என்றுதான் சொல்கிறார்கள். கள் என்றால் இறக்குவது. சாராயம் என்றால் காய்ச்சுவது. பாலையும் காய்ச்சத்தான் செய்கிறோம். புதுமனை புகுவிழாவில் அதற்கு நல்ல நேரம்கூடப் பார்க்கிறோம். ஆனால் ஒருவரைப் பற்றி மொட்டையாக 'காய்ச்சுறான்' என்று சொன்னால், பின்னாலேயே போலீஸ் வரப்போகிறது என்று அர்த்தம். போடுவது குடும்ப வேலை, காய்ச்சுவது குற்றம். குடித்துப் பார்க்கும் முன்பே மொழி தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

சில வருஷமாக நானும் போடுகிறேன். நான்கரை லிட்டர் கண்ணாடி ஜாடி, நன்றாகப் பழுத்த இரண்டு அன்னாசி, முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு பாக்கெட் ஒயின் ஈஸ்ட். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் அது ஒரு சதவிகித மதுவாக மாறும். பன்னிரண்டு சதவிகிதம் வேண்டுமென்றால், பழத்தில் உள்ள இனிப்பையும் சேர்த்து லிட்டருக்கு 200 கிராம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் ஈஸ்ட் தலைதெறிக்க ஓடும், வாடையும் முரடாகிவிடும். அதனால் ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துண்டைச் சுற்ற வேண்டும். முதல் வாரம் நுரை பொங்கும். பிறகு அடங்கும். அடியில் படிந்த வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டு, குறைந்தது மூன்று மாசம் தொடாமல் இருக்க வேண்டும். ஆறு மாசம் என்றால் இன்னும் நல்லது.

இந்தக் காத்திருப்பைப் பற்றி நாங்கள் கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொள்வோம். கடையில் வாங்கிக் குடிப்பவனுக்குத் தெரியாத நிதானம் எங்களுக்குத் தெரியும். சுத்தம் தெரியும், அளவு தெரியும். இரண்டு கிளாஸோடு நிறுத்தவும் தெரியும். 'இது குடி இல்லீங்க, ஒரு கலை' என்று சொல்லாத ஒயின் நண்பரை நான் பார்த்ததில்லை. என் கேள்வி அந்த வாக்கியத்தைப் பற்றியது. எங்கள் ஒயினைக் களங்கமற்றதாக ஆக்குவது எங்கள் குணமா, அல்லது நாங்கள் இருக்கும் வீடா?

சட்டத்தைப் பார்த்தால் வீடுதான் என்று தோன்றுகிறது. 2004 முதல் சிங்கப்பூரில் வீட்டில் பீரோ ஒயினோ செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாசம் 30 லிட்டர்தான். சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது, வசிக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும். நொதிக்க வைக்கலாம், வடித்து இறக்கக் கூடாது. எல்லாம் நியாயமான நிபந்தனைகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அனுமதி எந்த அலகில் அளக்கப்படுகிறது என்று கவனியுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, குடும்பத்துக்கு இவ்வளவு. குடும்பமும் கதவும் உள்ளவருக்கான சலுகை இது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பி. எங்கள் புளோக்கில் குழாய் மாற்ற வந்தபோது பழக்கம். ஜாடியைப் பார்த்து விவரமெல்லாம் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்போ அண்ணே, நீங்க போட்டா ஒயினு. நாங்க விடுதியில போட்டா கேசு. அப்படித்தானே?" பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் அவருக்கு ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் உண்டு. ஆறு மாசம் ஒரு ஜாடியை யார் கண்ணிலும் படாமல், கை படாமல் வைக்க அங்கே இடமில்லை. அவர் குடித்தால் புல்தரையில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும்.

புல்தரையின் கதை நமக்குத் தெரியும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், அதைத் தொடர்ந்து தேக்காவில் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015இல் வந்த சட்டம் நாடு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடை செய்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதி முழுக்கத் தடை. அங்கே குடியிருப்பவர்கள் பட்ட தொல்லையும் பொய்யில்லை. ஆனாலும் கணக்கு ஒன்று இருக்கிறது: அதே ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே இரண்டு கிளாஸ். வரவேற்பறையில் அது ரசனை, புல்தரையில் அது ஒழுங்கீனம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய 'சுதந்திரம் பற்றி' நூல், பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவனைத் தடுக்காதே என்கிறது. ஒயின் நண்பர்களுக்குப் பிடித்த வாதம். அதே நூலில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. குடியைக் குறைப்பதற்கென்றே மதுவின் விலையை ஏற்றினால், அந்த விலை கொடுக்க முடியாதவனுக்கு அது முழுத்தடைதான் என்கிறார். குடிக்கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது தொழிலாளிகளைக் குழந்தைகளாக நடத்துவது என்றும் வாதிடுகிறார். இன்றைக்கு விலை இருக்கும் இடத்தில் சதுர அடியை வைத்துப் பாருங்கள், வாதம் அப்படியே நிற்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் என் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். முதல் ஜாடி நுரைத்தபோது சமையலறைக்கு வந்து நின்றார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பா வர்ற மாதிரியே இருக்கு" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சம்பள நாளன்று தாத்தாவுக்கு வீட்டு வழி எப்படி மறந்துபோகும் என்பதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் மில்லைப் பற்றிப் பேச முடியாது. தீங்கு என்பது ஏட்டு வார்த்தையாக அவருக்கு இருந்ததில்லை. பல தோட்டங்களில் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. ஒரு கை கொடுத்த கூலியை இன்னொரு கை வாங்கிக்கொண்டது. அந்த மக்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று பேசுகிறவர்கள் 1947ஐ மறந்துவிடுகிறார்கள். கெடாவில் தோட்டத் தொழிலாளர்களே தொண்டர் படை என்று திரண்டார்கள். குடிக்கக் கூடாது, லயம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தவர்களைப் போலீஸ் கலைத்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குடித்தபோது வராத போலீஸ், குடிக்காதே என்று அவர்களே சொன்னபோது வந்தது. எங்களிடம் இருந்தால் கலை என்று பேர் பெறும் அதே நிதானம், அவர்களிடம் இருந்தபோது கலகம் என்று பேர் பெற்றது.

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் 1976இல் 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்ற பிரச்சினையை எழுப்பினார்கள். ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று நாம் எடைபோடும்போது, அவர் கையில் இல்லாத விஷயங்களையும் சேர்த்தே எடைபோடுகிறோம். இரண்டு பேர் ஒரே மாதிரி கவனமில்லாமல் வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் முன்னால் குழந்தை ஓடி வருகிறது, மற்றவன் முன்னால் வரவில்லை. பழி ஒருவனுக்கு மட்டும். என் பொறுமையும் அப்படித்தான். ஆறு மாசம் காத்திருக்க முடிகிறது, ஏனென்றால் இன்று இரவே மறக்க வேண்டிய எதுவும் எனக்கு இல்லை. இரண்டு கிளாஸில் நிறுத்த முடிகிறது, ஏனென்றால் நாளையும் கிடைக்கும் என்று தெரியும்.

அப்படிப் பார்த்தால் நல்ல சோறு, நல்ல புத்தகம், அமைதியான தூக்கம் எல்லாமே வாய்ப்புதானே, ஒயினுக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை என்று கேட்கலாம். சரியான கேள்வி. குற்ற உணர்ச்சியோடு குடிக்கச் சொல்லவில்லை. அதனால் விடுதியில் யாருக்கும் ஓர் அடி இடம் கூடப்போவதில்லை. ஆனால் நல்ல சோறு சாப்பிடுகிறவன், சோறு இல்லாதவனைப் பார்த்து 'பசியை அடக்கத் தெரியாதவன்' என்று சொல்வதில்லை. குடி விஷயத்தில் நாம் அதைச் சொல்கிறோம். கிடைத்த வசதியைக் குணமாக மாற்றிக்கொண்டு, அந்தக் குணத்தின் மேல் ஏறி நின்று தீர்ப்பும் சொல்கிறோம். தவறு அந்த இடத்தில் இருக்கிறது.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். குடித்தவனைப் பார்க்கும்போது பெற்ற தாயின் முகம் என்ன ஆகிறது என்பதும் அந்த அதிகாரத்தின் கவலைகளில் ஒன்று. அதிகாரத்தின் கடைசிக் குறள், தெளிந்திருக்கும் குடிகாரன் இன்னொரு குடிகாரனைப் பார்க்கும் பார்வையைப் பற்றியது. அப்படிப் பார்க்கும்போது தன் நிலை நினைவுக்கு வராதா என்று கேட்கிறது. எனக்கு அதுதான் சரியான அளவுகோலாகப் படுகிறது. புல்தரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் 'நான் அப்படியில்லை' என்று வருகிறதா, 'நானும் அதேதான், என் பக்கத்தில் கதவு இருக்கிறது' என்று வருகிறதா?

நான் போடுவதை நிறுத்தவில்லை. ஜாடி இப்போது அம்மா போகாத ஸ்டோர் ரூமில் இருக்கிறது, நுரைக்கும் வாரத்தில் அதன் கதவைச் சாத்தியே வைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிற யாருக்கும் ஊற்றிக் கொடுப்பதில்லை. அதை மது என்றே சொல்கிறேன். நண்பர்கள் கூடும் இடத்தில் யாராவது ரம்புத்தான் ஒயின் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, 'தேக்கா பக்கம் போகவே முடியல, அவங்களுக்கெல்லாம் ஒரு கண்ட்ரோலே இல்ல' என்று தொடங்கினால் ஒரு கேள்வி கேட்பேன். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். "உங்க வீடு எத்தனை சதுர அடிங்க?"