சுண்ணாம்பு தடவிய கலயம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்கள், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரைக்கும் தாமிரபரணியின் தயவில் விளையும் நெல்லையும் வாழையையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆற்றை விட்டுத் தெற்கே விலகினால் செம்மண் தேரியும் பனையுந்தான். கோடை நாளில் அங்கே சாலையோர நிழலில் ஒரு கடை இருக்கும். பதநீர்ப் பானை ஒன்று, பனையோலை ஒரு கட்டு. கடையின் சொத்தெல்லாம் அவ்வளவே. ஓலையைப் பட்டையாக மடித்துக் கையில் கொடுத்து ஊற்றுவார்கள். அதை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து குடிக்க வேண்டும். காரில் வந்த வக்கீலானாலும் சரி, லாரி ஓட்டுகிறவரானாலும் சரி, ஒரே மாதிரி குனிந்தாக வேண்டும்.

குடிகாரனே இல்லாத இந்தக் கடையை நான் மதுக்கடை என்றே சொல்வேன். வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாளையைச் சீவினால் ஒழுகுவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைப் போதையாக மாற்றப் பார்க்கிறது. சுண்ணாம்பு அதன் கையைக் கட்டிப் போடுகிறது.

அப்படியானால் பதநீரின் நற்பெயர் யாரைச் சேர்ந்தது? சாற்றை அதன் போக்கில் விட்டிருந்தால் அது கள்ளாகத்தானே போயிருக்கும்?

மனிதர்களையும் இப்படிக் கேட்கலாம். ஊரில் கடை இல்லாததால் குடிக்காதவர், மாமனாருக்குப் பயந்து குடிக்காதவர், மலைக்கு மாலை போட்டிருப்பதால் குடிக்காதவர். இவர்களெல்லாம் நல்லவர்களே அல்லர், கடை வாசலில் தினமும் நடந்தும் உள்ளே நுழையாதவன்தான் நல்லவன் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அந்த வாதத்தில் சம்மதமில்லை. நம்மில் பெரும்பாலோர் ஏதோ ஒரு சுண்ணாம்பினால்தான் நல்லவர்களாக இருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தடவிய கை யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பனையேறுகிறவர் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவுகிறார். உச்சியில் சாட்சி யாரும் கிடையாது. கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவுவது என்பது அவர் கையில் இருக்கிறது. குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு வெந்துவிடும். ஒழுக்கத்தை அள்ளி அப்பிக்கொண்டு, பக்கத்தில் யாரும் அண்ட முடியாதபடி இருக்கிற சில பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்களே!

சர்க்காரும் சுண்ணாம்பு தடவிப் பார்த்தது. 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது, 1971-ல் தளர்ந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஆனால் 2003 முதல் பிராந்தியையும் விஸ்கியையும் சில்லறையில் விற்பது அரசாங்கத்தின் டாஸ்மாக்கேதான். மரத்தின் மேல் சுண்ணாம்பு தடவ மறந்தவர் குற்றவாளி. தெருமுனையில் பாட்டிலை எடுத்துக் கொடுப்பவர் சிப்பந்தி. கள்ளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கள்ளினால் அழிந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் பிறர் கலயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு தேடுகிற நியாயம் எனக்கு விளங்கவில்லை.

போலீசுக்குப் பயந்து தடவியவரின் பதநீரும், மனசாட்சிக்காகத் தடவியவரின் பதநீரும் பட்டையில் ஒன்றுபோலவே இனிக்கும். குடிக்கிறவருக்கு அது போதும். ஏறுகிறவருக்குப் போதுமா? அவர் நாளை விடியுமுன் மறுபடியும் ஏற வேண்டியவர். பயம் சில நாள் அயர்ந்து தூங்கிவிடும்.

வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்புக்கும் பதநீரை வெகுநேரம் காப்பாற்றத் தெம்பில்லை. விற்காமல் மிஞ்சியதை வீட்டுப் பெண்கள் அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அது கொதித்துக் குறுகிச் சிரட்டையில் இறங்கிக் கருப்பட்டியாகும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி அப்படித்தான் உருவாகிறது.