கூரைக்குக் கீழே எட்டுக் கோடுகள்

தனித்திருக்கும் வருத்தத்தை ஜப்பானியர் சபிஷீ என்கிறார்கள். அதன் கான்ஜி எழுத்தில் 11 கோடுகள். முதல் மூன்றும் கூரை: உச்சியில் ஒரு புள்ளி, இடப்பக்கம் ஒரு சிறு இறக்கம், குறுக்கே ஓடி முனையில் மடங்கும் ஒரு கோடு. மற்ற எட்டும் அதன் அடியில் அடங்க வேண்டும். கை விரைந்தால் அடங்குவதில்லை.

கான்ஜியை அடுத்து ஹிராகனாவில் ஷி, இ. காலம் மாறும்போது மாறுவது இந்தப் பின்பகுதிதான். நேற்றைய தனிமை சபிஷிகத்தா. தனிமை இல்லையென்றால் சபிஷிகுனாய். கூரை அப்படியே நிற்கும்.

*

அதே சொல்லுக்கு இன்னோர் எழுத்தும் உண்டு. இடப்பக்கம் நீரின் மூன்று கோடுகள், வலப்பக்கம் நெருங்கி நிற்கும் இரண்டு மரங்கள். அதுவும் 11 கோடுகள்தான். அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பாட்டு வரிகளில் வரும். அழகான எழுத்து. ஆனாலும் என் கை கூரையைத்தான் நாடுகிறது. தனிமையை நான் அறிந்தது வீட்டுக்குள்தான்.

*

சபிஷீ என்று மட்டும் சொன்னால் போதும், அது சொல்பவரின் உணர்வு. எதிரில் இருப்பவரிடம் 'சபிஷீ?' என்று கேட்கலாம். 'நீங்கள் சபிஷீ' என்று தீர்த்துச் சொன்னால் காதில் இடறும். வேறொருவரைப் பற்றியென்றால் சபிஷிசோ: தனிமையில் வாடுவதுபோலத் தெரிகிறார். அல்லது சபிஷிகரு: அந்த வருத்தம் அவர் நடத்தையில் வெளிப்படுகிறது. கண்ணில் பட்டதைச் சொல்லலாம், அவ்வளவுதான். தமிழில் 'அவளுக்கு வருத்தம்' என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம்.

கதைசொல்லிக்கு மட்டும் விலக்கு. மலைக்கோயில் மணியோசையில் துயருறும் ஒரு பெண்ணைப் பற்றி மொழியியலாளர் குரோடா 1973இல் இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று அவளை வெளியிலிருந்து பார்த்தவர் சொல்வது. மற்றது அவள் மனத்துக்குள் இருந்து எழுதுவது. கதையில்தான் அது இயல்பாக ஒலிக்கும்.

இந்த இலக்கணத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். உடன் வாழ்பவர்களின் மனத்தை எல்லாம் அறிந்தவர்போல் எத்தனை முறை பேசுகிறோம்! இங்கே சொல்வடிவமே கையைப் பிடித்து நிறுத்துகிறது.

*

ஊரைவிட்டுப் போகிறவரிடம் 'சபிஷிகு நாரு நே' என்பார்கள். 'நான்' இல்லை, 'நீ' இல்லை. இனித் தனிமையாகிவிடும் என்ற பேச்சு. கடைசியில் அந்த 'நே' எதிரிலிருப்பவரின் ஒப்புதலை நாடுகிறது. போகிறவரும் இருப்பவரும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

*

பாடநூல்களில் சபிஷீ போன்ற சொற்கள் முன்னாலும், சோ, கரு வடிவங்கள் வெகு பின்னாலும் வருகின்றன. நீங்கள் ஜப்பானியம் கற்கிறீர்கள் என்றால் அதுவரை காத்திருக்காதீர்கள். கூரை எழுத்தைப் பழகும் அன்றே, அதே பக்கத்தில், சபிஷிசோவையும் சபிஷிகருவையும் எழுதிவிடுங்கள்.