பெருக்காறும் மடுவும்

வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்த தூப்புல், சின்ன காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலுக்கு அருகே உள்ளது. அவரைத் தலைமை ஆசாரியராகக் கொள்ளும் வடகலை, பிள்ளை உலகாசிரியரைப் போற்றும் தென்கலை ஆகிய இரு வைணவப் பிரிவுகளுக்கும் இடையிலான பிணக்கு, அக்கோயிலில் பிரபந்தம் ஓதும் உரிமை பற்றிய வழக்காக நீதிமன்றம் வரை சென்றதால், வெளியாருக்கு அது நாமத்தின் வடிவமும் ஓதும் உரிமையும் பற்றிய சண்டையாகவே தெரிகிறது. அதன் அடியில் இருப்பதோ, துன்பப்படுபவருக்கும் அதைத் தீர்ப்பவருக்கும் இடையிலுள்ள தொலைவை யார் கடப்பது என்னும் கேள்வி. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல உயிர் சிறிதேனும் முயல வேண்டும் என்பது மர்க்கட நியாயம் எனப்படும் வடகலை நிலை. தாய் கவ்வித் தூக்கும் பூனைக்குட்டிபோல விலக்காதிருந்தாலே போதும் என்பது மார்ஜார நியாயம் எனப்படும் தென்கலை நிலை.

சிற்றூர்களின் பல் மருத்துவத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. கோர்வைச் சேலை, அதாவது உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி நாடாக்களால் பிணைத்து நெய்யப்படும் பட்டுச்சேலை ஏறிய தறியில், கரை நாடாவைத் தள்ள இன்னொருவரும் உட்கார வேண்டியிருப்பதால், நெசவாளர் ஒருவர் சொத்தைப்பல்லுக்காக நகரத்துக்குப் போனால் இருவர் வேலை நிற்கிறது. ஆகவே கிராம்புத் தைலத்தாலும் வலி மாத்திரையாலும் நாள் கடத்தப்பட்டு, கன்னம் வீங்கிய பிறகே பயணம் தொடங்குகிறது. வருபவரை மட்டும் பார்க்கும் மருத்துவமனை, பற்றிக்கொள்ளும் வலு உள்ளவரையே காக்கிறது.

எனினும் தேசிகரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உயிரின் முயற்சியை அவர் அருளுக்கு விலையாகச் சொல்லவில்லை. வியாஜம், அதாவது அருள் பாய்வதற்கு ஒரு சாக்கு, என்றே சொன்னார். அந்தச் சாக்கும் இல்லையெனில், ஒருவருக்கு இரங்கி மற்றவரை விட்டதற்குக் காரணம் இல்லாமல் போய், வைஷம்யம் எனப்படும் பாரபட்சப் பழி இறைவன்மேல் விழும். இலவசப் பல் மருத்துவ முகாம்களுக்கு இந்தப் பழி நன்றாகவே பொருந்துகிறது. முகாம் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பல நேரங்களில் நோயின் அளவு முடிவு செய்வதில்லை, சாலையும் நன்கொடையாளர் விருப்பமும் முடிவு செய்கின்றன.

இதனினும் பெரிய குறை, முகாம் ஒரு நாளில் முடிந்துவிடுவது. ஒரே நாளில் முடிக்க எளிதானது பல்லைப் பிடுங்குவதுதான். பல்லைக் காக்கும் வேர் சிகிச்சையில், அழுகிய கூழை அகற்றி, வேர்க்குழாயைத் துப்புரவு செய்து, அடைத்து, மேலே உறை பொருத்துவதற்குள் பெரும்பாலும் நோயாளி பலமுறை வர வேண்டியிருக்கும். பிடுங்கிய இடைவெளியில் பக்கத்துப் பல் சாய்ந்து, எதிர்ப்பல் நீண்டு, மெல்லும் திறன் குறையும்போது வண்டி அங்கே இருப்பதில்லை. புகையிலை போடுபவரின் வாயில் தோன்றும் வெண்படலம் புற்றாக மாறுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1969இல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே அனுப்பப்பட வேண்டியவரைக் காலத்தே கண்டறிய உள்ளூரில் ஒருவர் தொடர்ந்து இருந்தாக வேண்டும்.

ஸ்ரீவசன பூஷணத்தில் பிள்ளை உலகாசிரியர், இராமன், கண்ணன் முதலிய அவதாரங்களாகிய விபவத்தைப் பெருக்காறு என்றும், கோயில் திருவுருவமாகிய அர்ச்சையை அந்த ஆற்றில் தேங்கிய மடு என்றும் உவமித்தார். வெள்ளம் அக்காலத்தில் கரையில் இருந்தவர்க்கே பயன்பட, மடு பின்வந்தவரின் தாகத்தையும் தீர்க்கிறது. முகாம் விபவம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள பல் மருத்துவ நாற்காலி அர்ச்சை. அவ்வாறு பார்த்தால் யார் நடப்பது என்னும் கேள்வியைவிட, யார் தங்குவது என்பதே முதன்மை பெறுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்வதன் சிறப்பும் வீடு தேடிப் போவதைவிட மீண்டும் மீண்டும் போவதில்தான் இருக்கிறது.

ஆனால் மடுவும் கோடையில் வற்றும். காற்றழுத்தி பழுதானால் பல்லைக் குடையும் கருவி சுழலாது. நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் கலம் நின்றால் பிடுங்குவதும்கூட ஆபத்தாகும். அந்நிலையில் மருத்துவர் நாள்தோறும் வந்தாலும், மாத்திரை எழுதி, நகரத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பதைத் தவிர அவரால் அதிகம் செய்ய இயலாது.