நோயைக் கண்ணால் காண முடியுமா?

மருத்துவ மாணவர் ஒருவர் தம் படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்துவிட்டு நோயியல் துறையில் முழுநேரமும் பயிலும் ஏற்பாடு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் பல பத்தாண்டுகளாக உண்டு. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் இடையே அந்த ஆண்டு அமையும். அதில் வகுப்புப் பாடம் குறைவு. பட்டமேற்படிப்பு மருத்துவரின் வேலையே மாணவருக்குத் தரப்படுகிறது. அறுவை அரங்கிலிருந்து வரும் உறுப்பை அளந்து, விளிம்புகளுக்கு மை தீட்டி, எந்த இடத்தில் துண்டு எடுப்பது என்று அவரே முடிவு செய்கிறார். பிரேதப் பரிசோதனையில் கத்தி பிடிக்கிறார். ஸ்லைடைத் தனியாகப் பார்த்துத் தம் முடிவை எழுதிவைத்த பிறகே, மூத்தவரோடு இரட்டை நுண்ணோக்கியின் முன் அமர்கிறார்.

இந்தியாவிலோ எம்.பி.பி.எஸ். படிப்பின் இரண்டாம் கட்டத்தில் நோயியல் ஒரு பாடம் மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் மாணவர் ஆய்வுத் திட்டம் இரண்டு மாதக் காலத்துக்கு உரியது. அடுத்த படி, பட்டம் பெற்ற பின் மூன்றாண்டு எம்.டி.தான்.

அந்த ஓராண்டுப் பயிற்சி மாணவரிடம் எதை மாற்றுகிறது என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. முதல் நாளில் நுண்ணோக்கியில் அவருக்குத் தெரிவது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு பரப்பு. ஆண்டு முடிவில் அதே ஸ்லைடை வைத்தால், பார்த்த நொடியிலேயே ‘புற்று’ என்கிறார். கண்ணும் ஒளியும் கண்ணாடித் தகடும் மாறவில்லை. அப்படியானால் புற்று கண்ணுக்குத் தெரிந்ததா, அறிவால் ஊகிக்கப்பட்டதா?

இந்தக் கேள்வியின் பழைய வடிவம் காஞ்சிபுரத்தில் பேசப்பட்டது. சாத்தனாரின் மணிமேகலையில் இருபத்தொன்பதாம் காதை காஞ்சியில் நிகழ்கிறது. பௌத்தத் துறவி அறவண அடிகள் அங்கே மணிமேகலைக்கு அளவை இலக்கணம், அதாவது அறியும் வழிகளின் இலக்கணம், சொல்கிறார். காட்சி, அனுமானம் என அளவை இரண்டே. பெயர், சாதி, குணம், செயல் ஆகியவற்றை ஏற்றிச் சொல்லாத வெறும் சுட்டுணர்வுதான் காட்சி. அவை சேர்ந்த உடனே அது அனுமானத்தின் பக்கம் போய்விடும் என்பது அவர் பாடம். இது பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் கொள்கையை ஒட்டியது. திபெத்திய மரபு திக்நாகரின் பிறப்பிடத்தைக் காஞ்சிக்கு அருகில் வைக்கிறது. நாளந்தாவில் தலைமை வகித்த தர்மபாலர் பிறந்தது காஞ்சியில் என்று, ஏழாம் நூற்றாண்டில் இவ்வூருக்கு வந்த யுவான் சுவாங் எழுதினார். தமிழில் தருக்கம் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட பழைய இடம் வேறொன்று கிடைப்பது அரிது. பௌத்தம் ஊரைவிட்டுப் போனதோடு அந்தக் காதையும் பள்ளிப் பாடங்களுக்கு வெளியே நின்றுவிட்டது பெரிய இழப்பு.

திக்நாகர் கணக்கின்படி, ஸ்லைடில் கண் காண்பது நிறமும் வடிவமும் மட்டும். ‘உயிரணு’ என்பதே சாதிப் பெயர். ‘புற்று’ அதற்கும் மேலே ஏற்றப்பட்ட பெயர். அந்த நிறமும் உடலுக்குரியதன்று. உயிரணுவின் கருவை ஊதாவாக்கும் ஹீமடாக்சிலின் ஒரு மத்திய அமெரிக்க மரத்தின் வைரத்திலிருந்து வருகிறது. ஐரோப்பியச் சாயக்காரர்கள் பட்டைக் கறுப்பாக்க அதே மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். நூலில் சாயம் பிடிக்கப் படிகாரம் தேவைப்படுவதைப் போலவே திசுவில் அது பிடிக்கவும் படிகாரம் போன்ற உப்பு தேவைப்படுகிறது. ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் தோய்த்த பிறகே ‘காட்சி’ உண்டாகிறது. மனிதக் கை படாத காட்சி இந்தத் துறையில் இல்லை.

பெயர் ஏறினால் அது காட்சியன்று என்பதை நியாயம் என்னும் தருக்க மரபு ஏற்காது. சந்தனக் கட்டையைத் தொலைவில் பார்த்ததுமே ‘மணமுள்ள சந்தனம்’ என்று அறிகிறோம். மூக்கு அதை எட்டவில்லை, படிப்படியாக ஊகிக்கவும் இல்லை. முன்னறிவே கண்ணோடு சேர்ந்து காட்சியாகிறது என்று பிற்கால நியாய நூலோர் வாதிட்டனர். அனுபவம் முதிர்ந்த நோயியலாளர் எவரைக் கேட்டாலும் இந்தப் பக்கமே சாய்வார். அவருக்கு ஏதுவும் (காரணமும்) எடுத்துக்காட்டும் தனித்தனியாகத் தோன்றுவதில்லை, நோய் நேரே தெரிகிறது. ஓராண்டுப் பயிற்சியின் பயனும் அதுதான் என்று தோன்றும்.

அனுபவத்தை விவரிப்பதில் நியாயம் சரி. ஆனால் நோயாளியைக் காப்பதில் அறவண அடிகளின் பாடமே மேல். காட்சி என்று கொண்டால் அதைக் கேள்வி கேட்க இடமில்லை. அனுமானம் என்று கொண்டால் அது பிழையாகும் வழிகளை எண்ணிப் பார்க்கலாம். அந்த வழிகளையே மணிமேகலை ‘போலி’ என்று வகுக்கிறது.

ஏதுப் போலியில் முதலாவது அசித்தம்: ஏதுவே நிலைபெறாதது. காஞ்சியை அடுத்த அய்யம்பேட்டை நெசவாளி ஒருவரின் நாக்கிலிருந்து எடுத்த துணுக்கு உடனே ஃபார்மலினில் போடப்படாமல் கிடந்தால் உயிரணுக்கள் சிதைந்துபோகும். இடுக்கியில் நசுங்கினால் கருக்கள் கறுத்து இழுபடும். அந்த உருவக் கோணலை நோயின் குறியாகக் கொண்டால் ஏதுவே பொய். இரண்டாவது அநைகாந்திகம்: ஏது உண்மைதான், ஆனால் இரண்டு பக்கமும் பொருந்துவது. பிளவுறும் உயிரணுக்கள் புற்றிலும் உண்டு, ஆறிவரும் புண்ணிலும் உண்டு. நாக்கில் வரும் சிறுமணி உயிரணுக் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அதன் மேலுள்ள தோற்படலம் உள்நோக்கி வேர்விட்டு வளர்ந்து, செதிள் உயிரணுப் புற்று என்றே தோன்றும். துணுக்கு ஆழமாக எடுக்கப்படாவிட்டால் கீழே உள்ள கட்டி கண்ணில் படாது. அந்த இடத்தில் ‘நேரே தெரிந்தது’ என்று எழுதுகிற அறிக்கை, தேவையில்லாமல் ஒரு மனிதரின் நாக்கின் பகுதியை எடுத்துவிடக்கூடும். மூன்றாவதான விருத்தம், சாதிக்க வந்ததற்கு எதிரானதையே சாதிக்கும் ஏது. நடைமுறையில் இது அரிது.

பயிற்சி மாணவர் தம் முடிவை முதலில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இங்கே விளங்கும். மூத்தவர் நொடியில் சொல்வதை, மாணவர் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. மாணவர் ‘எதனால்?’ என்று கேட்கும்போது மூத்தவரும் தம் காட்சியை மறுபடி அனுமானமாக அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வாய்ப் படலத்தின் முன்புற்று மாற்றத்தைத் தரம் பிரிப்பதில் தேர்ந்தவர்களே ஒருவரோடொருவர் மாறுபடுவது நோயியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. வெறும் காட்சியானால் அந்த மாறுபாட்டுக்கு வழியில்லை.

அடுத்த காதையில் அறவண அடிகள் சார்பில் தோன்றும் பன்னிரண்டு நிதானங்களை (காரணக் கண்ணிகளை)ச் சொல்கிறார்: எதுவும் தானாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுகிறது. பாக்கு மெல்லும் பழக்கம், அதனால் வாய்ச் சவ்வு நாராக இறுகுதல், பிறகு சிலருக்கு உயிரணு மாற்றம், பிறகு புற்று என்ற தொடரை அறிந்தவருக்கு இது புதிதாக இராது. ஸ்லைடு அந்தத் தொடரில் ஒரு கணத்தின் வெட்டுமுகம் மட்டுமே. முன்னும் பின்னும் என்ன என்பதை நோயாளியின் வரலாறே சொல்லும். ஆகவே பெரும்பாலும் நோயாளியைப் பாராமலே தீர்ப்பு எழுதும் இத்துறையில், விண்ணப்பத் தாளில் மருத்துவர் எழுதும் நான்கு வரி, சாயத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. அதை வெறுமையாக விட்டு அனுப்புவது தவறு.

காஞ்சியில் பிறந்து 1969இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர், ஸ்லைடு, நோயாளி மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும் இடம் இது. விரும்பும் மாணவருக்கு உதவித்தொகையோடு ஓராண்டு நோயியல் பயிற்சியை இங்கே தொடங்கிப் பார்க்கலாம். அதன் முதல் மாதப் பாடத்தில் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையும் இடம்பெற வேண்டும்.