ஏவியவன் வினை: தாக்குதல் அணியும் கந்தபுராணமும்

தான் களத்தில் இறங்காது, தன் சொல்லுக்கு அடங்கிய ஓர் உயிரை இறக்கிப் போரிட வைப்பவனுக்கு அந்தப் போரின் வினையில் எவ்வளவு பங்கு உண்டு என்பது மிகப் பழைய வினா. கோழிப்போரையும் ஆட்டுக்கடாப் போரையும் கண்ட ஒவ்வொரு சமூகமும் இவ்வினாவை ஏதோ ஒரு காலத்தில் எதிர்கொண்டிருக்கின்றது. இன்று அது வீடியோ விளையாட்டின் வழியாக மீண்டும் எழுகின்றது. ஏனெனில் உலகெங்கும் இளையோர் பெரும் ஈடுபாட்டோடு ஆடிவரும் போக்கிமான் போட்டிகளின் அடிப்படையே, விந்தையான உயிர்களைப் பழக்கி, அவற்றை அணியாகத் திரட்டி, எதிரியின் அணிமேல் ஏவுவதாகும். யாழ்ப்பாணத் தீவகத்தில், கரம்பொனும் சரவணையும் அயலூர்களாக அமைய, சைவ மரபும் கத்தோலிக்க மரபும் அருகருகே வேரூன்றிய வேலணைத்தீவில் உள்ள நாரந்தனை போன்ற ஓர் ஊருக்கு இவ்வினா அந்நியமானதன்று. அவ்வூரின் கோயில் மரபில் கந்தபுராணம் உண்டு; 1990இல் போர் தீவகத்தை வெறுமையாக்கியபின் ரொறன்ரோ, பரிஸ், லண்டன் என்று பரந்துபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு முன்னே போக்கிமான் உண்டு. முன்னது அசுரப் போரின் கதையாகவும் பின்னது பொழுதுபோக்காகவும் தோன்றினாலும், பிறரை ஏவிப் போர்செய்வது பற்றி அவ்விரண்டும் கொண்டுள்ள கருத்துகளை ஒருங்கே வைத்து ஆராய்வது வீண் முயற்சியாகாது.

சட்டோஷி தஜிரி உருவாக்கிய இவ்விளையாட்டு 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜப்பானில் நின்டெண்டோவின் கேம்போய்க் கருவிக்காக வெளிவந்தது. சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்து மகிழ்ந்த அனுபவமே அவருக்கு இதன் கருவைத் தந்தது. ஆடுபவர் ஓர் அணியில் ஆறு உயிர்கள் வரை வைத்திருக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் நான்கு செயல்கள் மட்டுமே உண்டு; நெருப்பு, நீர், புல், மின்சாரம் என இன்று 18 வகைமைகள் உள்ளன. ஒரு வகைமை மற்றொன்றின்மேல் இருமடங்கு வலிமையோடு தாக்கும், வேறொன்றின்முன் பாதியாகக் குன்றும், சிலவற்றின்முன் பயனற்றுப் போகும். அணிகளுள் தாக்குதல் அணி எனப்படுவது, எதிரியின் அடிகளைத் தாங்கி நெடுநேரம் நின்று வெல்வதைக் கைவிட்டு, எதிரி நிலைகொள்ளுமுன் அழுத்தம் மேல் அழுத்தம் கொடுத்து ஆட்டத்தை முடிக்க அமைக்கப்படும் அணியாகும்.

அவ்வணியை அமைப்போர் பெரும்பாலும் இறுதியிலிருந்து தொடங்குகின்றனர். ஆட்டத்தின் முடிவில் களத்தைத் துடைத்தெடுக்க வல்ல ஓர் உயிரை முதலில் தெரிவுசெய்து, அதற்குத் தடையாக நிற்கக்கூடியவை எவை என எண்ணி, அத்தடைகளை உடைக்கும் வன்தாக்குநரை அடுத்துச் சேர்த்து, தொடக்கத்திலேயே இறங்கி எதிரியின் பக்கத்தில் கூர்ங்கற்களைப் பரப்பிவிடும் முன்னோடி ஒன்றை அதன்பின் வைப்பர். கற்கள் பரப்பப்பட்டபின் எதிரணியிலிருந்து களத்தினுள் வருபவை பெரும்பாலும் வரும்போதே காயப்படும். துடைத்தெடுக்கும் உயிர் ஒருமுறை வாள் நடனம் எனப்படும் செயலைச் செய்தால் அதன் தாக்குவலிமை இருமடங்காகும். ஆனால் அந்த ஒருமுறைக்கு அதனிடம் நேரம் வேண்டும், அந்த நேரத்தை வாங்கித் தருவது பிற உயிர்களின் பொறுப்பு. அவ்வுயிர்களின் கையில் கொடுக்கப்படும் பொருள்களும் இதே நோக்குடையன. லைஃப் ஓர்ப் எனப்படும் உருண்டையை ஏந்திய உயிரின் அடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலுக்கின்றது. ஆனால் அடிக்குந்தோறும் தன் முழு உயிராற்றலில் பத்தில் ஒரு பங்கை அது இழக்கின்றது. தன்னைத்தானே வெடித்துச் சாய்ந்து எதிரிக்குச் சேதம் விளைக்கும் செயலும் உண்டு. இவ்வணியில் தற்காப்பு என்பது பெயரளவில்தான். ஒன்று சாய்ந்தால் அடுத்தது அடிபடாமல் களத்தில் இறங்கலாம் என்பதால், ஆடுபவர் தம்முடைய ஓர் உயிரை வேண்டுமென்றே சாகக்கொடுத்து, அதனால் கிடைக்கும் பாதுகாப்பான நுழைவைக் கொண்டு ஆட்டத்தின் போக்கைத் தம் பக்கம் திருப்புகின்றார்.

தாக்குதல் அணியின் நெறி பற்றிய வினா இங்கேதான் பிறக்கின்றது. எதிரியின் உயிரை வீழ்த்துவதில் அன்று. அது ஒப்புக்கொண்ட இருவருக்கிடையே நடப்பது. தன் உயிர்களை ஆடுபவர் எவ்வாறு எண்ணுகின்றார் என்பதே ஆராயத் தக்கது.

தமிழ்ப் புலமை மரபு விலங்குப் போரை அறியாததன்று. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கோழி, ஆட்டுக்கடா, யானை, பூழ் எனப்படும் காடை ஆகியவற்றின் வெற்றிகளைத் தனித்தனித் துறைகளாக வகுக்கின்றது. குறுந்தொகையின் 305ஆம் பாட்டோ வேறொரு போரைக் காட்டுகின்றது: குப்பைமேட்டில் தாமாகவே பொருதும் கோழிகளுக்கு மூட்டிவிடுவாருமில்லை, விலக்கிவிடுவாருமில்லை என்ற உண்மையைத் தலைவியின் காமநோய்க்கு உவமையாக்கியதால், அதைப் பாடியவரின் பெயரே குப்பைக்கோழியார் என நிலைத்தது. மூட்டிவிடுபவன் இல்லாத போரில் வினை எவர்மேலும் ஏறுவதில்லை. பறவைகள் தம் இயல்பினால் பொருது தம் இயல்பினால் ஓய்கின்றன. மூட்டிவிடுபவன் ஒருவன் வந்து நின்றவுடனேயே அதே போர் அறத்தின் விசாரணைக்கு உட்படுகின்றது.

அவ்விசாரணையின் விதிகளைச் சமணர் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றாக வகுத்தனர். கொன்றவனோடு ஏவியவனும், ஏவியதற்கு இசைந்தவனும் பங்காளிகளாவர். சைவ ஒழுக்க மரபும் இதையே ஏற்றது. யாழ்ப்பாணத்தில் இது நூலளவில் நின்றுவிடவில்லை. கோயில்களில் ஆடும் சேவலும் பலியிடப்படுவதை ஆறுமுக நாவலர் (1822–1879) கடுமையாகக் கண்டித்தார். பலியிடுபவன் கத்தியைத் தானே பிடித்தானா, நேர்த்திவைத்துப் பிறரிடம் கொடுத்தானா என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவில்லை. வேள்வி எனப்படும் அவ்வழக்கம் அவருக்குப் பின்னும் சில வைரவர், காளி கோயில்களில் தொடர்ந்து, வழக்காடப்பட்டு, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தால் தடைவிதிக்கப்பட்டது. பலியிடுவோரின் நியாயம் எப்போதும் ஒன்றே: பெரிய நன்மை ஒன்றுக்காகச் சிறிய உயிர் ஒன்று கொடுக்கப்படுகின்றது. தாக்குதல் அணியை அமைப்பவரின் கணக்கும் வடிவத்தால் இதுவேயாகும்.

திரையில் சாய்வது உயிரன்று, எண்களால் ஆன உரு. ஆட்டம் முடிந்ததும் அது மீண்டும் எழுந்து நிற்கும். ஆகவே வினை என்று ஒன்று இங்கு உண்டா என்ற தடை எழுவது இயல்பு. இத்தடை வலுவானது, எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. தீவகத்தின் கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் வழங்கிவந்த தென்மோடிக் கூத்தில், மறைசாட்சியைக் கொல்ல ஆணையிடும் அரசனாக ஆடியவரை அக்கொலைக்காக எவரும் பழித்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளரான அக்குவினாஸ் தோமையார், உடல் உழைத்துக் களைப்பதைப் போலவே மனமும் களைக்கின்றது, அதற்கு ஓய்வு தருவது விளையாட்டு என்று கூறி, அளவறிந்து விளையாடுவதை ஒரு நற்பண்பாகவே வைத்தார். அதே தோமையார், விலங்குகளை வதைத்துப் பழகியவன் மனிதரையும் வதைக்கத் துணிவான் என்று எச்சரித்ததும் கருதத்தக்கது. செயலின் விளைவை மட்டுமன்றி, செய்பவனுள்ளே அது விட்டுச்செல்லும் பழக்கத்தையும் அவர் எடைபோட்டார். சைவ சித்தாந்தம் இதை இன்னும் நுட்பமாக நோக்குகின்றது. உயிர் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று கருவிகளாலும் வினை ஈட்டுகின்றது என்று கொள்ளும் அந்நெறியில், உடலால் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பது முழு விடையாகாது. மனம் எவ்வாறு நின்றது என்ற வினா எஞ்சியிருக்கும். கற்பனைச் செயல் கொலையாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் சார்ந்து நிற்பவரைச் செலவாக எண்ணும் கணக்கு மனத்தில் இயல்பாகப் படிந்துவிடுமானால், படிந்த இடம் கற்பனையன்று.

இதைத் தெளிவாக்கக் கந்தபுராணத்தைவிடப் பொருத்தமான நூல் யாழ்ப்பாணத்தாருக்கு இல்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் பாடிய அப்புராணம், கோயில் மண்டபங்களில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல ஆண்டுதோறும் ஓதப்பட்டு, மக்களின் ஒழுக்கத்தையே வடித்தெடுத்ததால், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றே குறித்தார். ஐப்பசிச் சஷ்டியில் நடக்கும் சூரன் போரில் அப்புராணம் தெருவுக்கு வருகின்றது: தண்டுகளில் ஏற்றித் தோள்களில் சுமந்து முன்னும் பின்னுமாக ஓட்டி ஆட்டப்படும் ஒரே அசுர உடலுக்கு, யானைமுகம் கழற்றப்பட்டுச் சிங்கமுகமும், அதுவும் கழற்றப்பட்டுச் சூரன் முகமும் பூட்டப்படுகின்றன, பின்னர் மாமரம் வருகின்றது, சேவலும் மயிலும் வருகின்றன. ஒரு முகம் வீழ்ந்ததும் அடுத்த முகம் ஏறும் அவ்வரிசையைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒன்று சாய அடுத்ததை இறக்கும் அணி எளிதில் விளங்கும்.

புராணத்தில் இரண்டு படைகள் இருவேறு விதமாக நடத்தப்படுகின்றன என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றது. அசுரர் தலைவன் சூரபன்மன் இரண்டாம் நாட் போரில் தானே களம் புகுந்து தோற்று மீண்டவன். அதன்பின் அவன் செய்ததெல்லாம் அனுப்புவதே. மகன் பானுகோபன் மறுபடியும் அனுப்பப்படுகின்றான். இரணியன், அக்கினிமுகன், மூவாயிரம் மைந்தர், அமைச்சன் தருமகோபன், மீண்டும் பானுகோபன், தம்பி சிங்கமுகன் என ஒருவர்பின் ஒருவராகச் செல்கின்றனர். எல்லோரும் போனபின் எஞ்சிய ஆற்றலனைத்தோடும் அவன் இறுதியாக இறங்குகின்றான். இறுதியில் துடைத்தெடுப்பவன் ஒருவனுக்காக ஏனையோர் அனைவரும் செலவிடப்படும் அமைப்பு இது. உத்தியாக நோக்கினால் இதில் பிழை காண்பது அரிது. மகனின் உடல் வீழ்ந்தபின்தான் அவன் அழுகின்றான். அழுத கையோடு அடுத்தவனை அனுப்புகின்றான்.

முருகனின் படையிலும் வீரர் வீழாமல் இல்லை. இலக்கம் வீரரோடும் தம்பியரோடும் முற்படச் சென்ற வீரவாகு, சூரனின் தம்பி தாரகனின் வஞ்சனையால் கிரவுஞ்ச மலையினுள் அகப்பட்டு மயங்கினான். அப்போது வேறொரு படைத்தலைவன் அனுப்பப்படவில்லை, முருகனே வந்து வேலால் மலையைப் பிளந்தான், உள்ளே கிடந்தவர் எழுந்து வெளிவந்தனர். பின்னர் பானுகோபன் அவர்களை மயக்கிக் கடலினுள் எறிந்தபோதும் வேல் சென்று அவர்களை எழுப்பிக் கொணர்ந்தது. ஏவுதல் இங்கும் உண்டு. ஆனால் ஏவப்பட்டவன் வீழ்ந்த இடத்துக்கு ஏவியவன் செல்கின்றான். தண்டிப்பதும் அருளின் ஒரு வடிவே என்று கொண்டு அதை மறக்கருணை என வழங்கும் சைவர், அக்கருணையைச் சூரனுக்கு மட்டும் உரியதாகக் கூறுவது வழக்கம். ஆயின் தன் படையிடம் முருகன் காட்டிய பொறுப்பையும் அதனோடு சேர்த்து எண்ணாவிடின் அக்கருத்து முழுமையடையாது.

இதனால் தாக்குதல் அணியே தீது என்று முடிவுசெய்வது பொருந்தாது. தற்காப்பு அணிகளிலும் ஓர் உயிரை நெடுநேரம் அடிவாங்க நிறுத்தும் கொடுமை உண்டு. தாக்குதல் அணியை வேறு விதமாகவும் அமைக்கலாம்: அடித்தவுடன் பின்வாங்கித் தோழனுக்கு இடம்விடும் செயல்களை உடைய உயிர்களைச் சேர்த்து, ஒன்று தளர்ந்தபோது மற்றொன்று முன்வந்து தாங்குமாறு வகுத்தால், எவரையும் பலிகொடுக்காமலே அழுத்தத்தைத் தொடரலாம். அவ்வாறு அமைப்பதற்கு வகைமைகளின் பொருத்தத்தை மிக நுணுக்கமாக ஆராய வேண்டும். இதனால் சில ஆட்டங்கள் தோற்கவும் நேரும். பலியை முதல் வழியாகக் கொள்வதற்கும், வேறு வழியில்லாதபோது வருந்தி ஏற்பதற்கும் உள்ள வேற்றுமையை ஆட்ட விதிகள் காட்டுவதில்லை. இரண்டுக்கும் திரையில் ஒரே பயனே கிடைக்கும். ஆடுபவரின் மனம் ஒன்றே அவ்வேற்றுமையை அறியும். பிள்ளைகளைக் களத்துக்குக் கொடுத்து அவர்களை இழந்த தாய்மார் வாழும் மண்ணில் இவ்வேற்றுமையைப் பொருட்படுத்தாமல் விடுவது இயலாது.

எஞ்சியிருப்பது இசைவு பற்றிய வினா. சிங்கமுகன் அவையில் எழுந்து தேவர்களைச் சிறைவிடுக என்று அண்ணனுக்கு அறிவுரை கூறினான். அது மறுக்கப்பட்ட பின்னரே அன்பினால் கட்டுண்டு போருக்கு உடன்பட்டான். இரணியனும் தந்தையிடம் போர் தகாது என்றே சொன்னான். அசுரர் தரப்பிலேயே மறுத்துரைக்க இடம் இருந்தது. சிங்கமுகனின் வீழ்ச்சி நெஞ்சைத் தொடுவதற்குக் காரணமும் அதுவே. போக்கிமானின் கதைவழி ஆட்டத்தில், வேறொருவரிடமிருந்து பெறப்பட்ட வலிய உயிர், தன்னை ஏவுபவர் போதிய தகுதிச் சின்னங்களை ஈட்டாதவராயின் ஏவலை மறுத்துச் சோம்பியிருக்கவோ தூங்கவோ செய்யும். பயிற்றுநர் தம்மைத் தகுதிப்படுத்திக்கொள்ளாமல் ஏவும் உரிமையைப் பெறமுடியாது என்ற கருத்து அவ்விதியினுள் அடங்கியிருக்கின்றது. போட்டி ஆட்டத்தின் நோக்கம் இருவரின் சூழ்ச்சித் திறனை அளப்பதாதலால் அங்கு அம்மறுப்புக்கு வேலையில்லை. ஆறும் சொன்னதைச் செய்யும், வெடிக்கச் சொன்னாலும் செய்யும். மறுக்க முடியாத ஒன்றை ஏவும்போது, அது கேட்டிருக்கக்கூடிய வினாவை ஏவுபவரே தமக்குள் கேட்டுக்கொள்ளும் கடமை அவர்மேல் விழுகின்றது. அணியை வகுத்து, ஆறாவது இடத்துக்கு எதை வைப்பது, எதற்காக வைப்பது என்று எண்ணும் அந்த நேரமே அதற்குரிய நேரம்.